உறங்குவதாகத் தெரிகிறது

எங்கள் வீட்டில் இங்கிலீஷுக்குச் சீரக வாசனை இருந்தது. சில நாள் மிளகு வாசனை, சில நாள் சுக்கு. பெருங்காயம் வந்த அன்று மட்டும் அத்தை அதைச் சுற்றியிருந்த காகிதத்தை ஜன்னல் கம்பியில் செருகி, ஒரு பகல் முழுக்கக் காற்றாட விட்ட பிறகுதான் படிக்க எடுப்பாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷுக்கு எந்த வாசனையும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அது என்னிடம் ஒட்டவும் இல்லை.

இதற்கெல்லாம் மூல காரணம் அப்பா. அவருக்குத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் பலசரக்கு மொத்தக் கடை. நாஞ்சில் நாட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்து வைத்த கடை. மொத்த வியாபாரம் என்று பெயரே தவிர, கால் கிலோ மல்லி, நூறு கிராம் கடுகு என்று கேட்டு வருகிறவர்களையும் அப்பா திருப்பி அனுப்ப மாட்டார். அவர்களுக்குப் பொட்டலம் கட்டப் பழைய பேப்பர் வேண்டும். முன்பு மலையாளப் பேப்பரில்தான் கட்டினார்கள். அதில் ஒரு தொந்தரவு இருந்தது. பொட்டலத்தைக் கையில் வாங்கியவர் மேலே இருக்கிற தலைப்பைப் படித்துவிடுவார். படித்துவிட்டுச் சும்மா போகிற ஆட்கள் திருவனந்தபுரத்தில் பிறப்பதில்லை. அவர் ஒரு கருத்துச் சொல்ல, பக்கத்தில் மிளகாய் வாங்க நிற்பவர் அதை மறுக்க, கடை வாசலில் சட்டசபை கூடிவிடும். சரக்கு இறக்க வந்த லாரி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அப்பா யோசித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார். இனிமேல் இங்கிலீஷ் பேப்பரில் மட்டும்தான் பொட்டலம். இங்கிலீஷை யாரும் தெருவில் நின்று படித்துச் சண்டை போட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை. கடை வாசல் அமைதியாகிவிட்டது. வீட்டுக்கு வருகிற சாமான்களும் அதே காகிதத்தில் வந்தன. வீட்டில் அதை உட்கார்ந்து படிக்க ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் அவர் கணக்கில் வரவில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. ஊரில் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். ஊரில் இருந்த தாத்தாவும் பாட்டியும் இறந்த பிறகு ஸ்ரீவராகத்தில் எங்களோடு வந்து இருந்தாள். அவளுக்கு வந்த வரன்கள் எல்லாம் ஜாதகம் வரை வந்து, காப்பி குடித்து, திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சமயத்தில் அடுத்த தெருவில் இருந்த அவளுடைய சிநேகிதி ஒருத்தி, தம்பானூரில் தான் வேலை பார்க்கும் டிராவல் ஏஜென்சியில் ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாள். வருகிறவர்களிடம் பேசி, டிக்கெட் விவரம் சொல்லுகிற வேலை. அத்தைக்கு அந்த வேலை மேல் ஆசை வந்துவிட்டது. அது சாதாரண ஆசை இல்லை. தெருவில் ஆட்டோ போனால்கூட அது தம்பானூருக்குப் போகிறதா என்று எட்டிப் பார்க்கிற அளவுக்கு இருந்தது.

ஒரு நாள் அப்பா சாப்பிடும்போது அத்தை அதைக் கேட்டுவிட்டாள். அப்பா கோபப்படவில்லை. அவருக்குக் கோபப்படத் தெரியாது. ரசத்தைப் பிசைந்துகொண்டே நிதானமாகச் சொன்னார்.

"அங்க வெள்ளக்காரன் எல்லாம் வருவான்லா. முதல்ல இங்கிலீஷ் வரட்டும். பொறவு..."

அதோடு மோர் கேட்டார். வாக்கியம் அங்கேயே நின்றது.

எங்கள் வீட்டில் 'பொறவு' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா காசிக்குப் போக வேண்டும் என்றது அந்தப் பொறவுக்குள் கிடந்தது. என்னுடைய சைக்கிள் கிடந்தது. பின்கட்டுக்கு ஓடு மாற்றுவது, மாமா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்குவது எல்லாமே அதற்குள் போய்ச் சேர்ந்தவைதான். போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. 'வேண்டாம்' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் வாடுமே என்று பயப்படுகிற நல்ல மனிதர் அப்பா. அதனால் அவர் எதையும் மறுத்ததே இல்லை.

அத்தை மட்டும், "செரி அண்ணா" என்றாள். மறுநாள் காலை மல்லிப் பொட்டலத்தைப் பிரித்து மல்லியை டப்பாவில் கொட்டினாள். காகிதத்தை எறியாமல் சுருக்கம் நீவி மெத்தைக்கு அடியில் வைத்தாள். அம்மா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அடுப்படியில், பாவம், வெகுளி, அண்ணன் சொன்னதை நம்பிவிட்டாள் என்று சொன்னாள். எனக்கும் அத்தையை நினைக்கப் பாவமாக இருந்தது. ஒன்பது வயதான எனக்கே புரிகிறது, இவளுக்குப் புரியவில்லையே என்று வருத்தப்பட்டேன்.

அத்தையின் பள்ளிக்கூடம் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும். என் பள்ளி அகராதியை எடுத்துக்கொள்வாள். நான் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறவள் என்பதால் சொல்லித்தர முன்வந்தேன். அத்தை சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். "நீ சொல்லித் தராண்டாம் பிள்ள. தட்டித் தடவி நானே வாறேன்," என்றாள். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். உச்சரிப்புக்கு ரேடியோ வைத்திருந்தாள். இங்கிலீஷ் செய்தி வாசிக்கிறவர் ஒரு வரி சொன்னால் இவளும் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போவாள். அவர் நிற்க மாட்டார். இவளும் விட மாட்டாள்.

இந்த ஊரில் இங்கிலீஷ் எதற்கு, மலையாளம் படித்தால் போதாதா என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். மலையாளத்தில் ஒரு சொல் தப்பினாலும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரிவரை திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், இங்கிலீஷில் தப்பினால் சிரிப்பவளுக்கும் ஒரு சந்தேகம் இருக்கும், அதனால் இதுவே வசதி என்றாள் அத்தை. அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டதால் பிறகு கேட்கவில்லை.

விடுமுறை நாட்களில் நான் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியில் படுத்துக்கொண்டு அத்தை வாசிப்பதைக் கேட்பேன். வெளியே மழை பெய்யும். ஓட்டில் விழுகிற சத்தமும் அவள் குரலும் ஒன்றோடொன்று கலந்து, பாதித் தூக்கத்தில் எது மழை, எது இங்கிலீஷ் என்று பிரிக்க முடியாமல் போகும். இன்றும் மழை நாளில் யாராவது தாழ்ந்த குரலில் இங்கிலீஷ் வாசித்தால் எனக்குக் கண் சொக்கிவிடும். அலுவலகத்தில் இதனால் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.

பொட்டலக் காகிதத்தில் ஒரு குறை உண்டு. எந்தச் செய்தியும் முழுதாக இருக்காது. கடைப் பையன்கள் சாமானின் அளவுக்குத் தக்கபடி கிழித்துவிடுவார்கள். ஒரு நாள் சீரகத்தோடு ஒரு கப்பல் வந்தது. எங்கோ ஒரு துறைமுகத்தில் அது நெடுநாளாக நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று அதிகாரிகளுக்கே தெரியவில்லை. கேட்டதற்குக் கப்பலின் கேப்டன் சொன்னார் என்பதோடு காகிதம் கிழிந்திருந்தது. கேப்டன் என்ன சொன்னார்? அத்தை அந்த வாரம் வந்த எல்லாப் பொட்டலங்களிலும் மறுபாதியைத் தேடினாள். அது யாருடைய மிளகாயோடோ கரமனைக்கோ பேட்டைக்கோ போயிருக்க வேண்டும்.

கிடைக்கவில்லை என்றதும் அத்தை தானே சொல்லத் தொடங்கினாள். முதலில் தமிழில் யோசிப்பாள். பிறகு அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து இங்கிலீஷாக்குவாள். வர வேண்டிய பயணி ஒருத்தி இன்னும் வரவில்லை என்றார் கேப்டன். மறுநாள், மேல்தளத்தில் முருங்கை பூத்திருக்கிறது, காய்க்காமல் கிளம்ப முடியாது என்றார். இன்னொரு நாள், கடல் இப்போதுதான் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறது, எழுப்ப மனமில்லை என்றார். மழைக்காலம் முழுக்க அந்தக் கேப்டன் எங்கள் பின்னறையில் பேசிக்கொண்டிருந்தார். கப்பல் கிளம்பவே இல்லை. அது கிளம்பாதது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்படிப் படித்ததில் அத்தையின் இங்கிலீஷ் ஒரு மாதிரியாக வளர்ந்தது. சாதாரணமாகப் பேசுகிற இங்கிலீஷ் அவளுக்கு எங்கும் கிடைக்கவில்லை. அவள் அறிந்தது பத்திரிகை இங்கிலீஷ் மட்டும்தான். தோசை தீய்ந்தால் இங்கிலீஷில் ஒரு வரி சொல்வாள். தமிழில் சொன்னால், 'சேத விவரம் உடனடியாகத் தெரியவரவில்லை' என்று வரும். அப்பா கடையிலிருந்து வரத் தாமதமானால், 'தாமதத்துக்கான காரணம் குறித்து விசாரணை நடந்து வருகிறது' என்பாள். எங்களுக்கு அதில் கோணலாக எதுவும் தெரியவில்லை. இங்கிலீஷ் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம்.

சாயங்காலம் அத்தை கோயிலுக்குப் போவாள். கூட நான் காவல். மேற்கு நடை வழியாக நுழைந்து, தீபாராதனை பார்த்துவிட்டு, கிழக்கு நடை வழியாக வெளியே வந்து, பத்மதீர்த்தக் குளத்தின் ஓரமாகக் கொஞ்சம் நின்றுவிட்டு வீடு திரும்புவோம். சாமி உள்ளே பாம்பணையில் படுத்திருப்பார். முழுதாகப் பார்க்க முடியாது. மூன்று வாசல்கள் உண்டு. முதல் வாசலில் முகமும் தொங்குகிற வலது கையும் தெரியும். நடு வாசலில் நாபியிலிருந்து எழுகிற தாமரை. மூன்றாவதில் பாதம். எண்ணெய் விளக்கு வெளிச்சம்தான். முன்னால் நிற்பவர்களின் தோளுக்கும் தலைக்கும் நடுவே குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்து, மூன்று துண்டுகளையும் நாமே மனதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரர்களை உள்ளே விட மாட்டார்கள். அது அந்தக் கோயிலின் பழைய வழக்கம். அவர்கள் கோபுரத்தைப் பார்த்தபடி வெளியே நிற்பார்கள். அந்த நாட்களில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தினமும் குளத்தங்கரையில் உட்கார்ந்து பென்சிலால் கோபுரத்தை வரைந்துகொண்டிருந்தாள். ஒட்ட வெட்டிய நரைத்த முடி. தொளதொளத்த கதர்ச் சட்டை. அத்தை சில நாள் அவளை மெதுவாகக் கடந்து போனாள். பிறகு இன்னும் மெதுவாக. ஒரு நாள் நின்றேவிட்டாள்.

அந்த அம்மாள் நிமிர்ந்து சிரித்து, கோபுரத்தைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள். அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். காக்கைகள் குளத்துக்கு மேலே அடையப் போய்க்கொண்டிருந்தன. அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரலில் தன் முதல் வாக்கியத்தைச் சொன்னாள். தமிழில் அது இப்படி:

"நம்பத் தகுந்த வட்டாரங்களின்படி, கடவுள் உள்ளே இருக்கிறார்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அதற்காக அவளை எனக்கு இன்றும் பிடிக்கும். என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று மெதுவாகக் கேட்டாள்.

"உறங்குவதாகத் தெரிகிறது," என்றாள் அத்தை.

அந்த அம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அத்தை கோயிலுக்குள் நிற்கிற விதமே மாறிவிட்டது. எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிடும்போது இவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு நிற்பாள். உதடு அசையும். சுலோகம் சொல்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் சொன்னது முழங்கை, விரல் நுனி, பாம்பின் படம், தண்டு என்கிற சொற்களின் இங்கிலீஷ். தெரியாத சொல்லை வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்து மறுநாள் கொண்டு போவாள். வெளியே அந்த அம்மாள் காத்திருப்பாள். அத்தை சொல்லச் சொல்ல அவள் வரைவாள். வரைந்ததைத் திருப்பிக் காட்டுவாள். அத்தை தலையை ஆட்டி, கை இன்னும் கீழே, விரல் இத்தனை விறைப்பாக இல்லை, தளர்ந்து கிடக்கிறது என்பாள். ரப்பரால் அழித்து மறுபடி. முதல் வாசலுக்கு ஒரு வாரம் போனது. தாமரைத் தண்டு எளிதில் பிடிபடவில்லை. அது தண்ணீர் இல்லாமல் எப்படி நிற்கிறது என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதிகாரிகளுக்கே தெரியவில்லை என்று அத்தை சொல்லியிருப்பாள் என நினைக்கிறேன்.

எனக்கு முக்கால்வாசி புரியாது. படியில் உட்கார்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கோபுரம் தலைகீழாகத் தண்ணீரில் கிடக்கும். மீன் ஒன்று துள்ளினால் ஏழு நிலையும் குலுங்கி, மெல்ல மெல்ல மறுபடி அடுக்கிக்கொள்ளும். அத்தையின் குரல் மேலே எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். உலகத்தில் யாரும் எங்கும் போக வேண்டியதில்லை, இப்படியே இருட்டிவிடலாம் என்று தோன்றும்.

மூன்றாவது வாசலுக்கு வந்த அன்று அத்தை பேச்சு வராமல் நின்றாள். பாதம் என்பதற்கு இங்கிலீஷ் எனக்கே தெரியும். சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ந்த குரலில் நிறையப் பேசினாள். நடுவே 'பிரதர்' என்று வந்தது. 'தம்பானூர்' என்று இரண்டு தடவை வந்தது. சாமியின் பாதத்துக்கும் தம்பானூருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் குழம்பினேன். அந்த அம்மாள் வரையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இது அப்பாவுக்குத் தெரிந்தால் மறுநாளே கோயில் பயணம் நின்றுவிடும். கல்யாணமாகாத பெண் நடைவாசலில் நின்று வெள்ளைக்காரியோடு பேசுகிறாள் என்று கடைத்தெருவில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும். தம்பானூரும் போகும், இங்கிலீஷும் போகும். அத்தை என்னிடம் ரகசியம் என்று சொல்லவில்லை. நானாகவே அதைக் கட்டிக் காத்தேன். எனக்கு அதில் பெருமையாக இருந்தது.

ஊருக்குத் திரும்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அந்த அம்மாள் படத்தைச் சுருட்டி, நூல் கட்டி, அத்தையிடம் கொடுத்தாள். அத்தை அதை மெத்தைக்கு அடியில் ஒளித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வழி முழுக்கக் கையில் நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கை கழுவி வரும்வரை காத்திருந்தாள். பிறகு மேஜையைத் துடைத்து, படத்தை விரித்து, ஒரு முனையில் மல்லி டப்பாவையும் மறுமுனையில் என் ஜாமெட்ரி பாக்ஸையும் வைத்தாள்.

அப்பா பார்த்தார். பார்த்த உடனே அவர் கை தானாகக் குவிந்தது. காலண்டரில் சாமி பட்டப்பகல் வெளிச்சத்தில் முழுதாகப் படுத்திருப்பார். இது அப்படி இல்லை. மூன்று வாசல்கள். வாசலுக்கும் வாசலுக்கும் நடுவே இருட்டு. விளக்கின் ஒளி எட்டுகிற இடம் மட்டும் துலங்கியது. முன்னால் நிற்கும் யாரோ ஒருவருடைய தோள்கூட ஓரத்தில் இருந்தது. தினமும் காலையில் அப்பா எங்கே நின்று எதைப் பார்ப்பாரோ அதுவே தாளில் இருந்தது. யார் வரைந்தது என்று கேட்டார். ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்றாள் அத்தை.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "அவ உள்ள போனாளா?"

அவருடைய பயம் எங்களுக்குப் புரிந்தது. அப்படி யாராவது சேலை கட்டி நுழைந்துவிட்டால் கோயிலில் பரிகாரம் செய்ய வேண்டும், பூஜைகள் தடைபடும், ஊரே பேசும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது பாவம். அப்பா எழுந்து கோயிலில் போய்ச் சொல்வதற்காகச் சட்டையைத் தேடத் தொடங்கிவிட்டார்.

"போகல்ல அண்ணா," என்றாள் அத்தை.

"போகாமே பின்ன இந்தக் கை எப்பிடி இவ்வளவு செரியா வந்துது?"

"நான் சொன்னேன். இங்கிலீஷ்ல."

அப்பா சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நின்றார். ஒன்று, வெள்ளைக்காரி கோயிலுக்குள் போயிருக்க வேண்டும். இல்லை, தங்கைக்கு இங்கிலீஷ் வந்திருக்க வேண்டும். இரண்டில் எது தேவலை என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. பிறகு படத்தை எடுத்து, கடையில் ஏலக்காயின் தரம் பார்ப்பதுபோல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை தேடினார். கடைசியில் முகத்தில் வந்து நின்றார். சாமியின் கண் மூடியும் இல்லை, திறந்தும் இல்லை.

"கண்ணு என்ன இப்பிடி?"

"ஒறங்குகாருன்னு நான் சொல்லல்ல. ஒறங்குகாப்பல தெரியுதுன்னுதான் சொன்னேன்."

அப்பா மறுபடி அந்தக் கண்ணைப் பார்த்தார். "அறிதுயில்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எல்லாம் தெரிந்துகொண்டே உறங்குகிற உறக்கம். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அத்தை மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். "இங்கிலீஷ் வந்தாச்சு அண்ணா. பொறவு?"

அந்த ஒரு சொல்லை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கேள்வியாகக் கேட்டதில்லை. அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு வந்து நின்றாள். அப்பா தண்ணீர் எடுத்துக் குடித்தார். கம்ப்யூட்டரும் தெரியணும்லா என்று இழுத்தார்.

"செரி. அதும் வந்த பொறவு?"

எனக்குக் கேப்டனின் காகிதம் நினைவுக்கு வந்தது. கேப்டன் சொன்னார் என்பதற்கு அப்புறம் வருகிற அந்தக் கிழிசல். அத்தை அதன் முன்னால் அசையாமல் நின்றாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எப்போதும் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். அன்று தாழ்த்தவில்லை. அவளுக்கும் காசி இருந்தது. வேறு வழியில்லாமல் அப்பா படத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பொறவு என்ன... போவ வேண்டியதுதான்."

சாமி முன்னால் வைத்துச் சொன்ன சொல். அதை அப்பாவால் திருப்பி எடுக்க முடியாது. அத்தை, "செரி அண்ணா" என்றாள். முதல் தடவை சொன்ன அதே குரல்.

அத்தை கம்ப்யூட்டரும் படித்தாள், தம்பானூருக்கும் போனாள். முதல் நாள் அப்பாதான் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேல் மாட்டி, வருகிறவர்களிடம் எல்லாம் தங்கையின் இங்கிலீஷைப் பற்றிப் பேசினார். ஆனால் அதற்கு முன், படம் வந்த மறுநாளிலிருந்தே, வீட்டுக்கு வருகிற பொட்டலங்களை மட்டும் மலையாளப் பேப்பரில் கட்டச் சொல்லிவிட்டார். அத்தை அதையும் நீவி மெத்தைக்கு அடியில் வைத்தாள்.

அந்த மறுநாள் மத்தியானத்தைப் பற்றித்தான் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. அத்தை தரையில் சாய்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய்ப் படுத்தேன். அவளுக்கு உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று தோன்றியது. வெகுளியாக இருந்தால் உலகம் ஏமாற்றிவிடும். மெதுவாக, மனம் நோகாதபடி சொன்னேன்.

"அத்தை, அப்பா அண்ணைக்கு வேண்டாம்னுதான் சொன்னாவ. பொறவுன்னா அதுதான் அர்த்தம். ஒங்களுக்கு அது தெரியாதா?"

அத்தை இங்கிலீஷில் ஒரு வரி சொன்னாள். பேப்பரில் பெரிய மனிதர்கள் சங்கடமான கேள்விக்குச் சொல்கிற வரி. 'இது குறித்துக் கருத்துக் கூற அவர் மறுத்துவிட்டார்.' சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். எட்டிப் பார்த்தேன். கண் முழுதாக மூடியிருக்கவில்லை. உதட்டோரத்தில் ஏதோ இருந்தது.

பாவம், இன்னும் இவளுக்கு விளங்கவில்லை, அதற்குள் தூங்கியும் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் தூக்கம் கலையாமல் நான் மெல்ல எழுந்து போனேன்.